கடிவாளம் கையில் இருந்தால் மட்டும்

1897 மே 21. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரம். பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸுக்கு எதிரே இருக்கும் புத்தகக் கடையின் மாடியிலிருந்து ஒரு கொடும்பாவி தெருவுக்கு மேலே தொங்குகிறது. அது ஒரு பெண்ணின் உருவம். சைக்கிள் மீது உட்கார்ந்திருக்கிறாள். இடுப்புக்குக் கீழே பாவாடை இல்லை, முழங்காலுக்குக் கீழே இழுத்துக் கட்டிய தொளதொள கால்சட்டை. கீழே ஆயிரக்கணக்கான மாணவர்கள் கத்திக்கொண்டு நிற்கிறார்கள்.

அன்று கேம்பிரிட்ஜ் வாக்கெடுத்தது கால்சட்டையைப் பற்றி அல்ல. பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்பதுதான் கேள்வி. வகுப்பில் உட்காரலாம், தேர்வு எழுதலாம், ஆண்களை முந்தவும் செய்யலாம். பட்டம் மட்டும் கிடையாது என்றிருந்த நிலையை மாற்றக் கேட்டார்கள். மிகப் பெரிய வித்தியாசத்தில் தோற்றார்கள். முடிவு தெரிந்ததும் மாணவர் கூட்டம் கொடும்பாவியைக் கீழே இறக்கி, பிய்த்து, பெண்கள் படித்த நியூன்ஹாம் கல்லூரிக்கு இழுத்துப்போய் வாசல் கதவுக் கம்பிகளுக்கிடையே திணித்தது. கேம்பிரிட்ஜில் பெண்களுக்கு முழுப் பட்டம் கிடைத்தது 1948-இல். அந்தக் கதவுக்கு உள்ளே நின்றிருந்த பெண்களில் எத்தனை பேர் அதுவரை உயிரோடு இருந்திருப்பார்கள்?

பட்டம் கேட்ட பெண்ணை அவமானப்படுத்த வேண்டும். அதற்கு அந்த இளைஞர்களுக்குத் தோன்றிய வழி, அவளுக்குக் கால்சட்டை மாட்டிவிடுவது. அன்றைய ஐரோப்பாவில் ஒரு பெண்ணை வரைந்து காட்டக்கூடிய மிக மோசமான கோலம் அதுவாக இருந்திருக்கிறது. ஒன்றரை கஜம் துணியைப் பார்த்து ஏன் ஊரே கொதித்தது? அந்தக் கோபம் எங்கெல்லாம் வந்தது, எங்கெல்லாம் வராமல் அடங்கிக் கிடந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் பிடிபடுகிறது.

மூன்று கிலோ உள்ளாடை

முதலில் பாவாடையின் கனத்தைச் சொல்ல வேண்டும். 1881-இல் லண்டனில் 'ரேஷனல் டிரெஸ் சொசைட்டி' என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெண்களுக்கு அறிவுக்குப் பொருந்திய உடை வேண்டும் என்பது அதன் நோக்கம். அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று: ஒரு பெண் உடுத்தும் உள்ளாடைகளின் மொத்த எடை 7 பவுண்டைத் தாண்டக்கூடாது. அதாவது மூன்று கிலோவுக்குச் சற்று மேல். சீர்திருத்தக்காரர்கள் 'இதற்கு மேல் வேண்டாம்' என்று கெஞ்சிக் கேட்ட அளவே அது. அதற்கு மேல் கவுன், அதற்கு மேல் கோட்டு, இடுப்பை இறுக்கும் கார்செட். மழையில் நனைந்தால் விளிம்பு முழுக்கச் சேறு. மாடிப்படி ஏற ஒரு கை பாவாடையைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொரு கையில் குழந்தையோ கூடையோ. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றால் தீப்பிடிக்கும் பயம். சைக்கிள் வந்தபோது அந்தப் பாவாடை செயினில் சிக்கியது.

சைக்கிள்தான் உண்மையில் எல்லாவற்றையும் கிளறிவிட்டது. 1893-இல் டெஸ்ஸி ரெனால்ட்ஸ் என்ற 16 வயதுப் பெண் பிரைட்டனிலிருந்து லண்டன் வரை போய்த் திரும்பினாள். ஏறக்குறைய 190 கிலோமீட்டரை எட்டரை மணி நேரத்தில் மிதித்து முடித்தாள். எந்த ஊராக இருந்தாலும் மாலை போட்டுக் கொண்டாடவேண்டிய காரியம். ஆனால் பத்திரிகைகள் வேகத்தைப் பற்றிப் பேசியதைவிட அவள் போட்டிருந்த கால்சட்டையைப் பற்றித்தான் அதிகம் பேசின. சைக்கிள் பத்திரிகைகளிலேயே சில முகம் சுளித்தன. பதினாறு வயதுப் பெண்ணின் கால் தசைகள் செய்த சாதனையை அவள் காலைச் சுற்றியிருந்த துணி மறைத்துவிட்டது.

ஐந்து வருடம் கழித்து, 1898 அக்டோபரில், சர்ரே மாவட்டத்தின் ஓக்கம் கிராமத்தில் ஒரு சம்பவம். மேலே சொன்ன சங்கத்தின் தலைவி ஹார்பர்ட்டன் சீமாட்டி அப்போது ஐம்பதைத் தாண்டியவர். சைக்கிளில் வெகுதூரம் வந்து, பசியோடு ஒரு விடுதியில் இறங்குகிறார். அது சைக்கிள்காரர்களின் சங்கம் தன் உறுப்பினர்களுக்கென்று பரிந்துரைத்த விடுதி. சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழையப் பார்த்தவரை விடுதிக்கார அம்மா நிறுத்துகிறார். 'இந்த உடையில் இங்கே உட்கார முடியாது. வேண்டுமானால் மதுக்கூடத்து அறையில் சாப்பிடுங்கள்.' அந்த அறையில் ஆண்கள் குடித்துக்கொண்டும் புகைத்துக்கொண்டும் இருக்கிறார்கள். சீமாட்டி சாப்பிடாமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சைக்கிள் சங்கம் வழக்குப் போட்டது. வழிப்போக்கருக்கு உணவு மறுப்பது சட்டப்படி குற்றம். 1899-இல் விசாரணை. ஜூரி விடுதிக்கார அம்மாவின் பக்கம் நின்றது: சாப்பாடே இல்லை என்று சொல்லவில்லையே, வேறு அறையில் தருகிறேன் என்றுதானே சொன்னார்? இந்த வழக்கில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. கால்சட்டை போட்ட பெண்ணைப் பார்த்தால் மற்ற விருந்தினர்களின் மரியாதை கெட்டுவிடும் என்று பயந்த அதே விடுதி, அவளைக் குடிகாரர்கள் நடுவே தனியாக உட்காரவைக்கத் தயங்கவில்லை. அவளுடைய மரியாதையைக் காப்பது அங்கே யாருடைய கவலையாகவும் இல்லை.

பாரிஸில் ஒரு அனுமதிச் சீட்டு

பிரான்ஸில் கோபம் காகிதத்திலேயே இருந்தது. 1800 நவம்பர் 7-ஆம் தேதி பாரிஸ் காவல் தலைமையகம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஆணைப்போல உடுத்த விரும்பும் பெண் காவல் தலைமையகத்துக்கு நேரில் வந்து அனுமதி வாங்க வேண்டும். உடல்நலத்தைக் காரணம் காட்டி மருத்துவரின் சான்று தர வேண்டும்.

ஓவியர் ரோஸா போனர் அப்படி அனுமதிச் சீட்டு வாங்கியவர். குதிரைகளையும் மாடுகளையும் வரைவதில் அவருக்கு நிகர் அன்று யாருமில்லை. 'குதிரைச் சந்தை' என்ற அவருடைய ஓவியம் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எட்டடி உயரம், பதினாறு அடிக்கும் மேல் நீளம். அதை வரைய அவர் ஒன்றரை வருடம் பாரிஸின் குதிரைச் சந்தைக்குப் போய்ப் போய்ப் படம் வரைந்து பழகினார். தரகர்களும் முரட்டுக் குதிரைகளும் சாணியும் நிறைந்த இடம். பாவாடையோடு போனால் வேலையும் நடக்காது, தொந்தரவும் தாங்க முடியாது. 1857-ஆம் ஆண்டுச் சீட்டு ஒன்று இன்றும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மட்டும் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். நாடகக் கொட்டகை, நடனக் கூடம், பொது நிகழ்ச்சிகள் ஆகியவற்றுக்கு அந்த உடையில் போகக்கூடாது என்ற நிபந்தனையும் அதில் உண்டு. உலகப் புகழ்பெற்ற ஓவியர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தன் காலுக்கு உரிமம் புதுப்பித்துக்கொண்டிருந்தார்.

பின்னால் விதி சற்றுத் தளர்ந்தது. 1892-லும் 1909-லும் வந்த சுற்றறிக்கைகளின்படி, பெண்ணின் கையில் சைக்கிளின் ஹேண்டில்பாரோ குதிரையின் கடிவாளமோ இருந்தால் கால்சட்டை போடலாம். இந்த வரியைப் படித்தபோது நான் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு ஒரு பெண் பத்தடி நடந்தால் அவள் குற்றவாளி. திரும்பி வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தால் குற்றமில்லை. அதே கால்சட்டை, அதே கால்கள், அதே தெரு. அவள் ஒரு வேலையாக இருக்கிறாள் என்றால் சகித்துக்கொள்ளலாம். சும்மா தனக்குப் பிடித்திருக்கிறது என்று நடந்தால் சகிக்க முடியாது. இந்த விவகாரம் முழுவதற்கும் சாவி அந்த விதியில்தான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஊரிலேயே, அந்த ஆண்டுகளிலேயே, மேட்லைன் பெல்ட்டியர் என்ற மருத்துவர் முடியைக் குட்டையாக வெட்டி, கோட்டும் வட்டத் தொப்பியுமாக நடந்தார். காய்கறி விற்றவரின் மகளாகப் பிறந்து, மனநல மருத்துவத் துறைக்குள் பெண்கள் நுழைய முடியாதிருந்த கதவைத் தள்ளித் திறந்தவர். தான் ஆணுக்குச் சமம் என்பதைத் தன் உடையே ஆண்களிடம் சொல்லட்டும் என்று அவர் நினைத்தார். தெருவில் போகிற வருகிறவர்களின் வாயில் அவர் தினமும் விழுந்து எழுந்தார். பெண்ணுரிமை பேசிய தோழிகளிலும் பலருக்கு அவர் உடை சங்கடமாகத்தான் இருந்தது.

1911: இரண்டு கால்கள் தெரிந்தன

1911-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாரிஸின் ஓத்தே குதிரைப் பந்தய மைதானத்தில் சில பெண்கள் புது மாதிரி உடையில் வந்து இறங்கினார்கள். ஆடை வடிவமைப்பாளர் பால் புவாரேயும் வேறு சில தையல் நிறுவனங்களும் அந்தப் பருவத்தில் அறிமுகப்படுத்திய 'ஜூப் குலோத்'. பாவாடையும் கால்சட்டையும் கலந்தது என்று பொருள். ஆங்கிலத்தில் 'ஹாரம் ஸ்கர்ட்' என்றார்கள்.

அந்த உடை எப்படி இருந்தது என்று புகைப்படங்களில் உற்றுப் பார்க்க வேண்டும். கழுத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை நீண்ட மேலங்கி. அதற்குள்ளிருந்து இறங்கும் துணி கணுக்காலுக்கு அருகே இரண்டாகப் பிரிந்து சுருக்கிக் கட்டப்பட்டிருக்கும். அவ்வளவுதான். அவள் அசையாமல் நின்றால் அது கால்சட்டை என்று சட்டெனத் தெரியாது. சாதாரண கவுன் மறைத்த அளவுக்கு உடம்பை அதுவும் மறைத்தது. நடக்கும்போது மட்டும் ஒன்று தெரிந்தது: இந்தப் பெண்ணுக்கு இரண்டு கால்கள் இருக்கின்றன, அவை தனித்தனியே நகர்கின்றன.

அதற்கே கூட்டம் சூழ்ந்துகொண்டது. கேலி, ஊளை, நெட்டித் தள்ளல். மாட்ரிட், ரியோ டி ஜெனிரோ என்று அந்த உடை போன ஊர்களிலெல்லாம் இதேதான். துரத்திய கூட்டத்திடமிருந்து தப்பிக் கடைகளுக்குள் ஓடி ஒளிந்த பெண்கள் உண்டு. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பந்தய மைதானத்துக்கு வந்த அந்தப் பெண்களில் பலர் சீமாட்டிகள் அல்ல. தையல் நிறுவனங்கள் சம்பளம் கொடுத்து உடையைக் காட்ட அனுப்பிய பணிப்பெண்கள். உடையை வரைந்தவர் பெயர் வாங்கினார். ஊளையை வாங்கியது மாதச் சம்பளத்துக்கு வந்த பெண்.

வேடிக்கைத் தபால் அட்டைகள் குவிந்தன. அவற்றில் திரும்பத் திரும்ப வந்த காட்சி ஒன்றே ஒன்று: மனைவி கால்சட்டையில் சிகரெட்டோடு நிற்கிறாள், கணவன் கையில் குழந்தையோடு நிற்கிறான். பெண்ணின் மானத்தைப் பற்றிய கவலை என்று வெளியே சொல்லிக்கொண்டார்கள். அட்டை வரைந்தவன் உண்மையான பயத்தை மறைக்காமல் வரைந்துவிட்டான். குழந்தையை யார் தூக்குவது, அதுதான் பயம். மதப்பற்றாளர்கள் பைபிளின் உபாகமம் 22-ஆம் அதிகாரத்தைக் காட்டினார்கள். ஆணின் உடையைப் பெண் அணியலாகாது என்று அங்கே இருக்கிறது. ஆனால் ஹாரம் ஸ்கர்ட்டைப் போன்ற உடையை அணிந்த ஆண் ஒருவனைக்கூட பாரிஸ் தெருவில் அவர்கள் பார்த்திருக்க முடியாது. அது எந்த ஆணின் உடை?

அது உண்மையில் கிழக்கின் பெண்ணுடை. துருக்கியிலும் பாரசீகத்திலும் காஷ்மீரிலும் பஞ்சாபிலும் பாட்டிமார் காலம்தொட்டு அணிந்துவந்த தொளதொள சல்வாரின் தூரத்து உறவு. அமிர்தசரஸில் மாமியார் முன்னால் மருமகள் அணியும் அடக்கமான உடை, பாரிஸில் ஒழுக்கக் கேடாகிவிட்டது. 'ஹாரம்' என்ற பெயரே அதைச் சொல்லும். ஐரோப்பியரின் கற்பனையில் அந்தச் சொல் அந்தப்புரம், சுல்தான், காமம். தங்கள் மனதில் இருந்ததை அந்தப் பெண்களின் கணுக்காலில் பார்த்தார்கள்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு உடை இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, 1910-இல், 'ஹாபிள் ஸ்கர்ட்' என்ற பாவாடை நாகரிகமாக இருந்தது. அதைப் பரப்பியவர்களில் அதே புவாரேயும் ஒருவர். விளிம்பு அவ்வளவு குறுகல். பெண்ணால் முழு எட்டு எடுத்து வைக்க முடியாது. மாட்டுக்குக் காலைக் கட்டி மேயவிடுவதுபோல. வாகனம் ஏற முடியாது, அவசரத்துக்கு ஓட முடியாது. கார்ட்டூன்காரர்கள் அதையும் கேலி செய்தார்கள், ஆனால் கூட்டம் கூடித் துரத்தவில்லை. நியூயார்க்கில் என்ன நடந்தது தெரியுமா? 1912-இல் படியே இல்லாமல் தரையோடு தாழ்ந்த டிராம் பெட்டி ஓட்டத்துக்கு வந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் 'ஹாபிள் ஸ்கர்ட் கார்'.

காலைக் கட்டிப்போட்ட பாவாடைக்கு ஊர் தன் டிராமையே தாழ்த்திக் கொடுத்தது. காலை அவிழ்த்துவிட்ட பாவாடையை ஊளையிட்டு விரட்டியது.

கூலிக்கு என்றால் சரி

இத்தனைக்கும் கால்சட்டை போட்ட பெண்களை இங்கிலாந்து பல பத்தாண்டுகளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. 1842-இல் பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்குவது தடைசெய்யப்பட்டபின், விகன் வட்டாரத்தின் நிலக்கரிச் சுரங்க வாய்களில் மேலே நின்று கரியைச் சலித்துத் தரம்பிரிக்கும் வேலையைப் பெண்கள் செய்தார்கள். ஒட்டுப்போட்ட முரட்டுக் கால்சட்டை, அதன்மேல் இடுப்பில் சுருட்டிச் செருகிய குட்டைப் பாவாடை, மரத்தாலான செருப்பு, கரி படிந்த முகம். புகைப்படக் கடைகளில் அவர்கள் படத்தை அட்டையாக அச்சடித்து வேடிக்கைப் பொருளாக விற்றார்கள். 1880-களில் சீர்திருத்தக்காரர்கள் அவர்கள் வேலையையே தடைசெய்யப் பார்த்தார்கள், பெண்மை கெடுகிறதாம். 1887-இல் அந்தப் பெண்கள் லண்டனுக்கே தூது போய் வேலையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அவர்களுக்குக் கால்சட்டை கொள்கை அல்ல. கரி மூட்டைக்கு நடுவே பாவாடையோடு வேலை செய்ய முடியாது, அவ்வளவே.

1914-இல் போர் வந்ததும் தேசத்துக்கே அந்தப் புத்தி வந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போக, வெடிமருந்து ஆலைகளில் பல லட்சம் பெண்கள் நுழைந்தார்கள். பல ஆலைகள் அவர்களுக்குக் கால்சட்டையும் மேற்சட்டையும் கொடுத்தன. வெடிமருந்து அடைக்கும் இடங்களில் உலோகமே கூடாது. கொண்டை ஊசி, கார்செட்டின் கம்பி எல்லாம் வாசலிலேயே கழற்றப்பட்டன. கார்செட்டைக் கழற்றக்கூடாது என்று முப்பது வருடம் பிரசங்கம் செய்த ஒழுக்கம், ஒரு தீப்பொறிக்குப் பயந்து ஒரே நாளில் கழன்று விழுந்தது. டிஎன்டி வெடிமருந்து படிந்து தோல் மஞ்சளான பெண்களைக் 'கேனரி' என்று குருவியின் பெயரால் கூப்பிட்டார்கள். பலர் அந்த நஞ்சிலேயே செத்தார்கள்.

1917-இல் வயல் வேலைக்கு 'விமன்ஸ் லேண்ட் ஆர்மி' அமைந்தது. அரசாங்கமே முழங்கால்வரை இறுகிய கால்சட்டை, நீண்ட மேற்சட்டை, பூட்ஸ், தொப்பி என்று சீருடை கொடுத்தது. கொடுத்த கையோடு கையேட்டில் புத்திமதியும் சொன்னது: ஆணின் வேலை செய்வதால் ஆணைப்போல உடுத்தியிருக்கிறீர்கள், ஆகவே பிரிட்டிஷ் பெண்ணுக்குரிய நடத்தையை மறக்காதீர்கள். கால்சட்டை போட்டுக் கலப்பை பிடித்த பெண்ணின்மேல் ஊர் ஊளையிடவில்லை; சுவரொட்டியில் அவளை அழகாக வரைந்து ஒட்டியது. பாரிஸ் காவல்துறை 1909-இல் சொன்ன கடிவாளம் இப்போது தேசத்தின் கலப்பையாக மாறியிருந்தது, வேறொன்றுமில்லை.

போர் முடிந்ததும் 1919-இல் சட்டமே போட்டு, போருக்கு முந்தைய வேலைமுறைகளுக்கு ஆலைகளைத் திருப்பினார்கள். பெண்கள் வெளியேறினார்கள், சீருடையும் போயிற்று. செர்பிய ராணுவத்தில் சேர்ந்து, காயம்பட்டு, அதிகாரியாக உயர்ந்த ஆங்கிலப் பெண் ஃப்ளோரா சாண்டஸ் 1922-இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். திரும்பவும் பாவாடைக்குள் நுழைந்தபோது தன் சுதந்திரம் முழுவதையும் கழற்றி வைத்ததுபோல் உணர்ந்ததைப் பின்னால் எழுதினார். அதுவரை அவரைச் சகாவாக நடத்திய ஆண்களுக்கும் அவரிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் போனதாம்.

அந்த ஆண்டுகளில் நம் பக்கத்திலும் ஒரு குரல் இருந்தது. பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொள்ளலாம், ஆண்களைப்போல லுங்கியும் சட்டையும் அணியலாம் என்று பெரியார் பேசினார். அலங்காரத்தில் போகும் நேரத்தையும் பணத்தையும் அவர் கணக்குப் பார்த்தார். லண்டனில் சீமாட்டி உள்ளாடையை நிறுத்துப் பார்த்ததும் ஈரோட்டுக்காரர் நேரத்தை எண்ணிப் பார்த்ததும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

ஹெலன் போன நீதிமன்றம்

1938 நவம்பர், லாஸ் ஏஞ்சலஸ். ஹெலன் ஹூலிக், 28 வயது, மழலையர் பள்ளி ஆசிரியை. அவர் வீட்டில் திருட்டு நடந்திருக்கிறது. பிடிபட்ட இருவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்கு வருகிறார், ஸ்லாக்ஸ் என்ற பேன்ட்டில். நீதிபதி விசாரணையைத் தள்ளிவைத்து, கவுன் போட்டுக்கொண்டு வரச்சொல்கிறார். ஹெலன் மறுமுறையும் பேன்ட்டில் வருகிறார். எல்லோருடைய கவனமும் வழக்கைவிட்டு அந்த உடைமேல் போகிறது என்று நீதிபதி கடிந்துகொள்கிறார். பதினைந்து வயதிலிருந்து ஸ்லாக்ஸ்தான் தனக்கு வசதி என்பது ஹெலனின் பதில். மூன்றாம் முறையும் பேன்ட். நீதிமன்ற அவமதிப்பு, ஐந்து நாள் சிறை.

வீட்டில் திருட்டுப் போனது அவருக்கு. சிறைக்குள் போனதும் அவர்தான். அங்கே பேன்ட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு முரட்டு டெனிம் துணியில் தைத்த கைதி கவுனைக் கொடுத்தார்கள்.

ஆனால் இம்முறை ஊர் வேறு பக்கம் நின்றது. நூற்றுக்கணக்கான கண்டனக் கடிதங்கள் நீதிமன்றத்துக்கு வந்தன. மேல்முறையீட்டில் தண்டனை ரத்தானது. பேன்ட் போட்டு வந்து சாட்சி சொல்லலாம் என்றானது. 1911-இல் ஊளையிட்ட தலைமுறைக்கும் இவர்களுக்கும் நடுவே ஒரு போர், பல லட்சம் சீருடைகள், திரைப்படத்தில் கோட்டும் பேன்ட்டுமாக வந்த மார்லின் டீட்ரிச், கடற்கரையிலும் டென்னிஸ் மைதானத்திலும் பழகிப்போன கண்கள். பார்த்துப் பார்த்துத்தான் கண் அடங்கியிருக்கிறது. யாரும் வாதத்தில் தோற்று ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

பாரிஸின் அந்தப் பழைய ஆணை என்ன ஆயிற்று? பல முறை நீக்கக் கேட்டார்கள், யாரும் நீக்கவில்லை. 1972-இல் பேன்ட் போட்டு வந்த ஓர் இளம் ஆலோசகரைப் பிரெஞ்சு நாடாளுமன்ற வாசலில் காவலர் நிறுத்தினார். பேன்ட்தான் இடைஞ்சல் என்றால் இங்கேயே கழற்றிவிடுகிறேன் என்று சொல்லி உள்ளே போனவர் மிஷல் அலியோ மரி. பின்னாளில் அந்நாட்டின் பாதுகாப்பு அமைச்சராகப் படைகளை நிர்வகித்தார். கடைசியில் ஒரு செனட்டர் எழுப்பிய கேள்விக்குப் பெண்கள் உரிமைத் துறை அமைச்சர் நஜத் வல்லோ பெல்காசம் எழுத்தில் பதில் தந்தார். ஆண், பெண் சமத்துவத்தை ஏற்ற அரசமைப்பின் முன் அந்த ஆணை தானாகவே செல்லாமல் போய்விட்டது. காவல் தலைமையகத்தில் அது ஓர் ஆவணக் காகிதமாக மட்டும் பாதுகாக்கப்படுகிறது என்றார். பதிலின் தேதி 2013 ஜனவரி 31.

அதுவரை அந்தக் காகிதம் 212 வருடம் அங்கேயே இருந்திருக்கிறது. பாரிஸ் பெண்கள் அதைக் கேட்காமலே பேன்ட் போட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், கையில் ஹேண்டில்பார் இல்லாமல்.